திண்ணையில் ஓர் இங்கிலீஷ் கலாசாலை

ஆனி மாதக் கடைசியில் திருவையாற்றுக்கும் திருக்காட்டுப்பள்ளிக்கும் நடுவே உள்ள ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். அங்கே என் பாலிய சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. குறுவை நாற்றங்கால் கண்ணுக்குக் குளிர்ச்சியாய்ப் பச்சை பிடித்திருந்தது. இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டே தெருவுக்குள் நுழைந்தவன், சிநேகிதர் வீட்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டேன்.

திண்ணையில் பழைய இரும்பு மரக்கால் ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு செல்போன் சாய்ந்து நின்றது. அதற்கு எதிரே சிநேகிதருடைய பேத்தி சம்மணமிட்டு உட்கார்ந்து, "டெல் மீ அபௌட் யுவர்ஸெல்ஃப்" என்ற கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை அல்ல. நான் செருப்பைக் கழற்றிக் காலைக் கழுவி வருவதற்குள் நாலு தடவை சொல்லிவிட்டாள். நாலு தடவையும் ஒரே இடத்தில் தடுக்கிற்று.

"வாருங்கள்! உள்ளே வாருங்கள். அங்கே பரீட்சை நடக்கிறது" என்றார் சிநேகிதர்.

"எந்தக் கலாசாலை?" என்று கேட்டேன்.

"திண்ணைக் கலாசாலைதான். வாத்தியார் எந்த ஊரில் இருக்கிறார் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. சம்பளம் மட்டும் நாற்பத்தெட்டாயிரம் ரூபாய்!"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பு முகத்தில் வெகு நேரம் தங்கவில்லை.

விஷயம் இதுதான். அந்தப் பெண் உள்ளூரிலும் பக்கத்து ஊரிலும் தமிழ் வழியில் படித்து, சர்க்கார் கல்லூரியில் ரசாயனத்தில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றவள். பாடத்தில் கெட்டிக்காரி. உத்தியோகத்துக்காக மூன்று இடங்களில் எழுத்துப் பரீட்சை தேறினாள். மூன்று இடங்களிலும் நேர்முகப் பேட்டியில் போய்விட்டது. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவளுக்கு விடை தெரியும். தமிழில் கேட்டிருந்தால் பேட்டி கண்டவர்களுக்கே இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்திருப்பாள். இங்கிலீஷில் வாயைத் திறந்ததும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான்.

மூன்றாவது பேட்டி முடிந்த அன்று ராத்திரி அவளுடைய செல்போனில் ஒரு விளம்பரம் வந்தது: இலவசமாக உங்கள் இங்கிலீஷைச் சோதித்துச் சொல்கிறோம் என்று. சோதித்தார்கள். மறுநாளே ஒருவர் கூப்பிட்டார். வெகு மரியாதையாகப் பேசினார். ஆறே மாதத்தில் பேச வைக்கிறோம், கட்டணம் 48,000 ரூபாய், மாதம் 4,000 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டினால் போதும் என்றார். ஆதார் எண்ணைக் கேட்டார். ஓ.டி.பி. எண்ணைக் கேட்டார். நாலைந்து இடங்களில் விரலால் தொடச் சொன்னார். தகப்பனார் அரை வேலி நிலம் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர். பெண் படிக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல எந்தத் தகப்பனாருக்கு மனம் வரும்? தொட்டுவிட்டார்கள்.

முதல் இரண்டு வாரம் ஓர் ஆசிரியை நேரே தோன்றிப் பாடம் நடத்தினாளாம். ஒரே வகுப்பில் இருநூறு பேர்! ஒருவருக்கும் பேச வாய்ப்பில்லை. அப்புறம் ஆசிரியையும் மறைந்து, முன்பே பிடித்து வைத்த பாடப் படங்கள் மட்டும் ஓட ஆரம்பித்தன. 'இது வேண்டாம், நிறுத்திவிடுகிறோம்' என்று சொன்னபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது பள்ளிக்கூடச் சம்பளம் அல்ல, கடன் தவணை. கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்று முழுத் தொகையையும் அன்றைக்கே பாடம் நடத்தும் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. வகுப்பு நின்றாலும் கடன் நிற்காது. ஐந்து தவணை, 20,000 ரூபாய் போயிற்று. இன்னும் 28,000 பாக்கி. நடவுச் செலவுக்கு வைத்திருந்த பணத்தில் மாதாமாதம் நாலாயிரம் பாங்கியிலிருந்து தானாகவே ஓடிவிடுகிறது.

இதைக் கேட்டுவிட்டுப் பஸ் ஏறிய எனக்குத் தஞ்சாவூர் வந்து சேரும்வரை ஒரே சிந்தனைதான். இந்த இங்கிலீஷ் நம்முடைய சோழ நாட்டில் என்னென்ன வேஷம் போட்டுவிட்டது!

தஞ்சை ஜில்லாவுக்கு இங்கிலீஷ் புதிதல்ல. இந்தியாவில் வேறு எத்தனையோ இடங்களுக்கு அது வருவதற்கு முன்பே இங்கே வந்துவிட்டது. 1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஸ்வார்ட்ஸ் பாதிரியார் ஜெர்மானியர். அவருக்கு இங்கிலீஷும் கற்ற பாஷைதான். வந்த இடத்தில் அவர் முதலில் செய்த காரியம் தமிழ் படித்தது. பிறகு மராத்தியும் பாரசீகமும் ஹிந்துஸ்தானியும் கற்றார். பிறருக்குப் பாஷை சொல்லிக் கொடுக்க வந்தவர் தாமே மாணாக்கராய் உட்கார்ந்து பல பாஷைகளை உருப்போட்டவர் என்பதை மறக்கக் கூடாது. 1780-களின் நடுவில், தஞ்சையில் ரெஸிடெண்டாக இருந்த ஜான் ஸல்லிவனும் அவரும் சேர்ந்து தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் இங்கிலீஷ் பள்ளிக்கூடங்கள் ஏற்படுத்தினார்கள். 1787-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் டைரக்டர்கள் இவை ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்கு 250 வராகன் மான்யம் அளித்தார்கள். மெக்காலே துரை தம்முடைய பிரசித்தமான குறிப்பை எழுதியது 1835-இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தஞ்சாவூர்ப் பிள்ளைகள் ஏ, பி, ஸி, டி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பாதிரியாரிடம் படித்த மாணாக்கர்களுள் ஒருவர் இளவரசர் சரபோஜி. துளஜா மகாராஜா 1787-இல் காலமாகுமுன் சுவீகாரம் எடுத்துக்கொண்ட பிள்ளை. அப்போது வயது பத்து. அரண்மனைப் பூசலில் பிள்ளைக்குப் படிப்பே இல்லாமல் போய்விடும் போலிருந்தது. கடைசியில் 1793-இல் அவரைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே கெரிக்கே பாதிரியார் பாடம் சொன்னார். 1798-இல் சரபோஜி பட்டத்துக்கு வந்தார். அதே வருஷம் பிப்ரவரியில் ஸ்வார்ட்ஸ் இறந்தார். தம் ஆசானுடைய கல்லறைக் கல்லுக்கென்று சரபோஜி தாமே இங்கிலீஷில் செய்யுள் இயற்றினார். இந்தியர் ஒருவர் இங்கிலீஷில் எழுதிய செய்யுட்களில் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. 1826-இல் தஞ்சைக்கு வந்த ஹீபர் அத்தியட்சர், இந்த மன்னர் லவாஸியேயையும் லின்னேயஸையும் சரளமாக எடுத்துப் பேசினார் என்றும், ஷேக்ஸ்பியரைப் பற்றி நல்ல அபிப்பிராயம் சொன்னார் என்றும் வியந்து எழுதி வைத்தார். சரஸ்வதி மஹாலுக்குப் போகிறவர்கள் சரபோஜியின் இங்கிலீஷ்க் கையெழுத்தோடு கூடிய புத்தகங்களை இன்றும் காணலாம்.

எல்லாம் சரி. ஆனால் பட்டத்துக்கு வந்த மறு வருஷமே, 1799-இல், உடன்படிக்கை எழுதித் தஞ்சை நாட்டின் ஆட்சியைக் கம்பெனியிடம் ஒப்படைக்க நேர்ந்தது. மகாராஜாவுக்கு மிஞ்சியது கோட்டையும் உபகாரச் சம்பளமுந்தான். இங்கிலீஷ் வந்தது, ராஜ்யம் போயிற்று! ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கே இந்தக் கதி என்றால், ஓ.டி.பி. எண்ணைச் சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் குத்தகைக்காரரை என்ன சொல்வது?

இருந்தாலும் சரபோஜி இங்கிலீஷ் கற்ற விதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒரே ஆசான், ஒரே பிள்ளை. பிள்ளை வாயைத் திறந்தால் பிழை எங்கே என்று ஆசானுக்கு அந்தக் கணமே தெரியும். அந்த யோகம் எல்லோருக்கும் கிடைக்காது என்பது வாஸ்தவம். ஆனால் பாஷை கற்பிக்கும் வித்தையின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது.

இனிக் கும்பகோணத்துக்குப் போவோம். 1854-இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கி, 1867-இல் கல்லூரியாக உயர்ந்து, போர்ட்டர் துரையின் தலைமையில் 'தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ்' என்று பெயர் வாங்கிய சர்க்கார் கல்லூரி அங்கே காவிரிக் கரையில் இருக்கிறது. அந்தக் கல்லூரிப் படிக்கட்டில் ஏறி இறங்கிய இரண்டு பேரை நினைத்துப் பார்த்தால், இங்கிலீஷ் பற்றி நமக்கு இருக்கும் பயமும் பக்தியும் கொஞ்சம் தெளியும்.

ஒருவர் வலங்கைமான் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார். 1869-இல் பிறந்தவர். ஏழைப் புரோகிதர் வீட்டுப் பிள்ளை. 1880-களில் கும்பகோணம் கல்லூரியில் படித்து, மாயூரத்தில் பள்ளி ஆசிரியராய் வாழ்க்கையைத் தொடங்கினார். சீமைக்குப் போகுமுன்பே சீமைக்காரர்கள் மெச்சும் இங்கிலீஷ் அவருக்கு வந்துவிட்டது. 'வெள்ளி நாக்குச் சொல்லாளர்' என்று உலகம் அழைத்தது. மகாத்மா காந்தியின் சுயசரிதையை மகாதேவ தேசாய் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார் அல்லவா? 1940-இல் வந்த இரண்டாம் பதிப்புக்கு அந்த மொழிபெயர்ப்பை வரிக்கு வரி பார்த்துத் திருத்திக் கொடுத்தவர் சாஸ்திரியார்தான். தம் பெயரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில் செய்தார். மகாதேவ தேசாயும் முன்னுரையில் பெயர் சொல்லாமல் நன்றி மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

இன்னொருவர் கணித மேதை ராமானுஜன். 1904-இல் உபகாரச் சம்பளத்தோடு அதே கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் மனம் செல்லவில்லை. இங்கிலீஷ்க் கட்டுரையில் தவறிவிட்டார். உபகாரச் சம்பளம் போயிற்று. 1905-இல் வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் விசாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டுவிட்டார். பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எப். ஏ. பரீட்சை எழுதியும் தேறவில்லை. அப்படிப்பட்டவர் 1913 ஜனவரி 16-ஆம் தேதி சென்னைத் துறைமுகக் காரியாலயத்துக் குமாஸ்தாவாக இருந்தபடி கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதிய கடிதம் இங்கிலீஷ்க் கடிதம். அந்தக் கடிதங்களின் இங்கிலீஷ் முழுவதும் ராமானுஜனுடையதாக இருக்க முடியாது, நண்பர்கள் கை வைத்திருக்க வேண்டும் என்பது ஹார்டியின் அபிப்பிராயம். இருக்கட்டுமே! அதனால் கணக்குக்கு என்ன குறைந்துவிட்டது? கும்பகோணத்தில் ஒரு பரீட்சைத் தாளில் அவரைத் தடுத்து நிறுத்திய பாஷையே எட்டு வருஷம் கழித்து இன்னொருவர் உதவியோடு அவரைக் கடல் கடத்திற்று.

அதே கல்லூரியில் 1880 முதல் தமிழ்ப் பண்டிதராக இருந்த உ. வே. சாமிநாதையரைப் பற்றி வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் இங்கிலீஷ்ப் பட்டம் எதுவும் பெறாதவர். சிந்தாமணியை 1887-இல் அச்சுக்குக் கொண்டுவர அவருக்கு ஏட்டுச் சுவடிகள் வேண்டியிருந்தன, இங்கிலீஷ் வேண்டியிருக்கவில்லை. ஆகையால் இங்கிலீஷ் தெரியாதவன் மூடன் என்ற எண்ணம் யாருக்காவது இருந்தால், அவர்கள் ஒரு நாள் கும்பகோணத்தில் காவிரி ஸ்நானம் செய்துவிட்டு வருவது நல்லது.

ஆனால் இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னால் அவளுக்கு உத்தியோகம் கிடைக்குமா? கிடைக்காது. நம் தேசத்துக்குச் சுயராஜ்யம் வந்து இத்தனை வருஷம் ஆகியும், தஞ்சாவூர்ப் பெண் சென்னையில் ரசாயனப் பரிசோதனை செய்ய வேண்டுமானால், தன்னைப் பற்றி இங்கிலீஷில் இரண்டு நிமிஷம் பேசியாக வேண்டியிருக்கிறது. சோதனைக் குழாய்க்கு என்ன பாஷை தெரியுமோ, நான் அறியேன். இந்த ஏற்பாடு சரியில்லை என்று நான் நூறு கட்டுரை எழுதலாம். ஆனால் அவளுக்கு அடுத்த பேட்டி ஆவணியில்!

சென்ற வாரம் மறுபடியும் அந்தக் கிராமத்துக்குப் போனேன். அவள் எங்கே தடுக்கிறாள் என்று கூட உட்கார்ந்து கேட்டேன். கேட்கக் கேட்க ஒன்று புலப்பட்டது. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது சுத்தப் பொய். வார்த்தைகள் வேண்டிய மட்டும் தெரிகின்றன, இலக்கணமும் படித்திருக்கிறாள். ஆனால் வாக்கியத்தை மனத்துக்குள் தமிழில் கட்டி, பிறகு அதைப் பெயர்த்து எடுத்து இங்கிலீஷில் வைக்கப் பார்க்கிறாள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து உட்காரும். இங்கிலீஷில் எழுவாய்க்கு அடுத்தபடியே அது வந்தாக வேண்டும். ஆகவே பாதி வாக்கியத்தில் வினையைத் தேடிக்கொண்டு நின்றுவிடுகிறாள். 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தெரியும்' என்று நாம் சொல்லுமிடத்தில் இங்கிலீஷ்காரன் 'நான் பசியாய் இருக்கிறேன்', 'நான் அறிவேன்' என்ற தோரணையில் 'நா'னைக் கொண்டுவந்து முன்னே நிறுத்துகிறான். நம் பாஷையில் பசியும் அறிவும் நமக்கு வருகின்றன. அவன் பாஷையில் எல்லாவற்றுக்கும் அவனே எஜமானன்!

பிறகு 'ஏ', 'தி' என்ற இரண்டு பொடிச் சொற்கள். தமிழில் இவற்றுக்கு நேர் இல்லாததால் நாம் வேண்டிய இடத்தில் விட்டுவிடுவோம். வேண்டாத இடத்தில் போடுவோம். உச்சரிப்பிலோ நமக்கு ஒரே 'ப'. அவர்களுக்கு 'பீ' என்றும் 'பி' என்றும் அழுத்தியும் மெலித்தும் இரண்டு ஒலிகள். 'எஃப்' ஒலிக்கோ நாம் ஆய்த எழுத்தைக் கடன் வாங்குகிறோம். இவற்றைவிடப் பெரிய தொல்லை, சொல்லில் எந்த அசையை அழுத்த வேண்டும் என்பது. 'ஃபோட்டோகிராஃப்' என்னும்போது முதல் அசையில் விழும் அழுத்தம் 'ஃபொட்டாகிரஃபர்' என்னும்போது இரண்டாவது அசைக்குத் தாவிவிடுகிறது. நாம் எல்லா அசையையும் சமமாய், நெல் அளக்கிற மாதிரி தலை தட்டி அளந்து கொட்டுகிறோம். இருபத்தாறு எழுத்தை வைத்துக்கொண்டு நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிகளைச் சமாளிக்கிற பாஷை அது. எழுத்தைப் பார்த்து ஒலியைக் கண்டுபிடிக்க முயல்வது நம் பழக்கத்தால் வந்த வினை.

(இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது சிநேகிதர் குறுக்கிட்டு, "'நீ உன் தகப்பனாருக்கு எத்தனையாவது பிள்ளை?' என்பதை இங்கிலீஷில் ஒரே கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள், பார்ப்போம்!" என்றார். பேத்தி விழித்தாள். நானும் விழித்தேன். 'எத்தனையாவது' என்ற அந்த ஒரு சொல்லுக்கு இங்கிலீஷில் நேரான சொல் கிடையாது. சிநேகிதருக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.)

இந்தக் குறைகள் இருநூறு பேர் உள்ள வகுப்பில் எப்படித் தீரும்? ஓடுகிற படம் எப்படி இவளுடைய வாயைக் கேட்கும்? குற்றம் செல்போனுடையது அல்ல. தூரத்திலிருந்து பாஷை கற்பது என்ற ஆசை பழைய ஆசை. கிராமபோன் தட்டு வந்த நாளிலேயே அதில் பாஷைப் பாடம் பதித்து விற்றார்கள். 1943-இல் பி.பி.ஸி. ரேடியோவில் இங்கிலீஷ் பாடம் நடத்தத் தொடங்கிற்று. முப்பது நாளில் இங்கிலீஷ் என்ற புத்தகத்தை ரெயில் நிலையத்தில் வாங்காத குடும்பம் உண்டா? முதல் பத்து நாள் பாடம் அழுக்கேறியும், மீதி இருபது நாள் பாடம் புத்தம் புதிதாகவும் அந்தப் புத்தகம் இன்னும் எத்தனை வீட்டுப் பரணில் இருக்கிறது!

இணையப் பாடங்களின் கதையும் அதுவேதான். ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகிய இரண்டு பெரிய சர்வகலாசாலைகளும் சேர்ந்து நடத்திய இணையப் பாடங்களின் கணக்கை ஆராய்ந்து 2019-இல் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் வெளியிட்டார்கள். 2017-18-இல் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்தான் பாடத்தை முடித்தார்களாம். சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு நாற்பத்தாறு பேர் முடித்திருக்கிறார்கள். பணம் கட்டியதால் படித்தார்களா, படிக்கிற உறுதி உள்ளவர்களே பணம் கட்டினார்களா என்பது வேறு கேள்வி. பின்னதுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பணம் கட்டாமலே கிடைக்கிற பாடங்களும் ஏராளம். நம் மத்திய சர்க்கார் 2017 ஜூலையில் ஆரம்பித்த 'ஸ்வயம்' என்ற இணையக் கல்வி ஏற்பாட்டில் இங்கிலீஷ் பாடங்களும் உண்டு. படிப்பதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ்ப் பரீட்சைக்கு மட்டும் சொற்பக் கட்டணம். தமிழ்நாட்டு சர்க்கார் 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரி மாணாக்கர்களுக்கு இங்கிலீஷ்ப் பயிற்சி சேர்ந்திருக்கிறது. பி.பி.ஸி. தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அந்தப் பெண் விலை கொடுத்து வாங்கிய பாடத்தில் இவற்றில் இல்லாத எது இருந்தது என்று இரண்டு மணி நேரம் தேடினேன். சங்கீதம்தான் கொஞ்சம் அதிகமாய் இருந்தது.

கடைசியில் நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு வெகு சாதாரணம். தினம் இருபது நிமிஷம் ஏதாவது ஓர் இலவசப் பாடத்தில் ஒரு சிறு பேச்சைக் கேட்பது. அதையே ஆசிரியரோடு கூடவே, ஒரு சொல் பின்னால், நிழல் போலத் தொடர்ந்து உரக்கச் சொல்வது. பிறகு தான் சொன்னதைச் செல்போனிலேயே பதிவு செய்து, அசலோடு வைத்துக் கேட்பது. இதில்தான் அவளுக்கு முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் குரலைத் தானே கேட்பது யாருக்கும் இன்பமாயிராது. ஆனால் ஒரு வாரத்தில் பாதிப் பிழைகளை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

பேசிப் பழக அவள் இப்போது செயற்கை அறிவு யந்திரத்தோடும் பேசுகிறாள். எத்தனை தடவை தடுக்கினாலும் அது சிரிப்பதில்லை என்பதில் அவளுக்கு ஒரு தைரியம். அந்த மட்டும் நல்லதுதான். ஆனால் அதற்கு ஒரு துர்க்குணம் உண்டு. அரைகுறையாய்ச் சொன்னாலும் ஊகித்துப் புரிந்துகொண்டு மேலே போய்விடுகிறது. பேட்டி காண்கிறவர் அவ்வளவு பெருந்தன்மை காட்ட மாட்டார். ஆகையால் வாரத்துக்கு இரண்டு மாலை, ஊரிலேயே இருக்கும் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை அம்மாளிடம் போய் வருகிறாள். ஊர்ப்புற நூலகத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அவளைப் பார்த்து இன்னும் மூன்று பெண்கள் வருகிறார்கள். அந்த அம்மாள் வாங்குகிற சம்பளம் என்னவென்றால், இந்தப் பெண்கள் அவருடைய செல்போனில் பென்ஷன் விவகாரங்களைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

இதிலே வேடிக்கை ஒன்று. டொரோண்டோவில் இருக்கும் என் தங்கை பேரன், 2001-இல் ஏற்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகத்துப் பாடத்தை வைத்துக்கொண்டு, இதே மாதிரி ஒரு செல்போனுக்கு எதிரே உட்கார்ந்து 'ழ' சொல்லிப் பழகுகிறான். அவனுக்கும் நாலு தடவை தடுக்குகிறதாம்.

இனி அந்த 28,000 ரூபாய் விஷயம். பாடத்தைக் காட்டிலும் இதுதான் குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுத்தது. இம்மாதிரி கம்பெனிகளைப் பற்றி மத்தியக் கல்வி மந்திரி இலாகா 2021 டிசம்பரிலேயே பெற்றோர்களுக்கு எச்சரிக்கை விடுத்திருக்கிறது. கட்டணம் என்று சொல்லிக் கடனில் மாட்டிவிடுவது, பாங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கிக்கொள்வது எல்லாம் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. ரிஸர்வ் பாங்கியின் விதிப்படி 2021 அக்டோபர் முதல், கார்டு முதலியவற்றில் தானாக எடுக்கும் தவணைக்கு இருபத்துநாலு மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும். அனுமதியை நாம் ரத்து செய்யவும் வழி வைக்க வேண்டும். ஆனால் கடன் ஒப்பந்தம் கழுத்தில் இருக்கும்போது தவணையை மட்டும் நிறுத்தினால் பிற்பாடு பாங்கியில் நம் பெயர் கெடும். ஆகையால் அவசரப்பட்டு அதைச் செய்ய வேண்டாம் என்றேன். முதலில் அவள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்தாள். அது பலிக்காவிட்டால் தஞ்சாவூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் வாங்கினவர் தம் ஊர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதானால் வழக்குக் கட்டணமும் கிடையாது. இதை அறிந்ததும் தகப்பனார், "பெங்களூருக்கோ டில்லிக்கோ போக வேண்டாமா, ஐயா? அப்படியானால் நடவு முடிந்ததும் தஞ்சாவூருக்கே போய்விட்டு வருகிறேன்" என்றார். வெகு நாளைக்குப் பிறகு அன்று அவர் வயலுக்குப் போகும்போது பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு போனதாகச் சிநேகிதர் சொன்னார்.

புகாருக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆனால் நான் புறப்படுகிற சமயத்தில் ஒரு டெலிபோன் வந்தது. கடன் கம்பெனியிலிருந்து வசூல்காரர். முன்பெல்லாம் இந்த அழைப்பு வந்தால் வீட்டில் ஒருவரும் எடுப்பதில்லையாம். எதிரே பேசியவர் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் படபடவென்று பொரிந்து தள்ளினார். அந்தப் பெண் ஒரு நிமிஷம் மௌனமாய் இருந்தாள். மரக்கால்மேல் கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு, அவசரப்படாமல், வினைச்சொல்லை வினைச்சொல்லின் இடத்திலேயே வைத்துப் பேசினாள். "ஐ ஹாவ் ரெஜிஸ்டர்ட் ஏ கம்ப்ளெயிண்ட். ப்ளீஸ் ஸெண்ட் மீ காப்பி ஆஃப் லோன் அக்ரிமெண்ட். ப்ளீஸ் ஸே எவ்ரிதிங் இன் ரைட்டிங்."

எதிர்ப்பக்கத்தில் கொஞ்ச நேரம் சப்தமே இல்லை. பிறகு "ஓகே, மேடம்" என்ற குரல் கேட்டது, டெலிபோன் வைக்கப்பட்டது.

சிநேகிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"தாத்தா, 'லோன் அக்ரிமெண்ட்' என்பதற்கு முன்னால் 'தி' போட்டிருக்க வேண்டும், இல்லையா?"

"ஆமாம், அம்மா. 'காப்பி'க்கு முன்னால் ஓர் 'ஏ'யும் வேண்டும்" என்றேன்.

"மறுபடி கூப்பிடட்டும், போட்டுவிடுகிறேன்" என்றாள்.